பத்துச் சிலா வாற்கோதுமை

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிற்றூரில் இரண்டு நாள் பனையோலைக் கைவினைப் பயிற்சிப் பட்டறை ஒன்றை நடத்தினோம். ஓலையை வார்ந்து, ஈர்க்கு நீக்கி, சாயம் தோய்த்து, கொட்டான் முடைவது வரை கற்றுத்தர அவ்வூர் மூதாட்டியர் இருவர் இசைந்திருந்தனர். பயில விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள் 24 பெண்கள். பட்டியல் எழுதும் பொறுப்பு என்னுடையது. பெயர், ஊர், வயது, கையொப்பம் என நான்கு கட்டங்கள் வரைந்து, மிக ஒழுங்காகவே எழுதியிருந்தேன்.

முதல் நாள் காலையில் வந்து சேர்ந்தவர்களைக் கண்டதும் சற்றுத் திகைத்துத்தான் போனோம். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்தபடி ஒன்று என, 24 பெண்களோடு 11 குழந்தைகளும் வந்திருந்தனர். அவர்களால் பயிற்சிக்கு இடையூறு ஏதுமில்லை. ஒதுக்கிப்போட்ட ஓலைத் துணுக்குகளை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் அவர்களே தனியாக ஒரு பட்டறை நடத்திக்கொண்டிருந்தார்கள்! சிக்கல் நண்பகலில்தான் வந்தது. பட்டியலின்படி 24 பொட்டலங்கள், எங்களுக்கு ஆறு, ஆக 30 உணவுப் பொட்டலங்களே வந்திருந்தன. நாங்கள் எங்களுடையவற்றைக் கொடுத்தும் போதவில்லை. எஞ்சிய பிள்ளைகளுக்கு அன்னையர் தம் பொட்டலத்தைப் பிரித்து ஊட்டிவிட்டு, மீதியைத் தாம் உண்டனர். எவரும் ஒரு சொல் குறை கூறவில்லை. நான் ஏதோ மன்னிப்புக் கேட்கும் பாவனையில் தொடங்க, ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "பிள்ளைகளை எங்கே அண்ணே விட்டுட்டு வர்றது? வீட்டுல ஆள் இல்லையே" என்றார்.

இரவு வீடு திரும்பிய பின்னும் அந்தப் பட்டியல் உறுத்திக்கொண்டே இருந்தது. 24 பெயர்கள், நான்கு கட்டங்கள். அவற்றுள் ஒன்றிலேனும் அந்தப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அப்போது நினைவுக்கு வந்தது வேறொரு பட்டியல். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன், தாய்மார் தம் பிள்ளைகளோடு வந்து வேலை செய்த நெசவுக்கூடங்களின் பட்டியல் அது. அதை எழுதியவர்கள் பிள்ளைகளை விட்டுவிடவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை அளவு தானியம் என்பதைக்கூடக் களிமண்ணில் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இக்கட்டுரை.

கிர்சுவின் களிமண் ஏடுகள்

இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், டைகிரிசும் யூப்ரடீசும் வளப்படுத்திய சமவெளியில் லகாஷ் என்றொரு நகர அரசு இருந்தது. கிர்சு, லகாஷ், நிகின், குவப்பா ஆகியவை அதன் முக்கிய ஊர்கள். கிர்சு இருந்த மேட்டின் இன்றைய பெயர் தெல்லோ. பஸ்ராவில் பிரெஞ்சுத் துணைத் தூதராக இருந்த எர்னெஸ்ட் டி சார்செக் 1877-இல் அங்கு அகழத் தொடங்கினார். 1894-இல் அவர் குழுவினர் வெளிக்கொணர்ந்த ஆவணக் காப்பகத்தில் இருந்த களிமண் ஏடுகள் ஏறத்தாழ 30,000. கள்ளத்தனமாகத் தோண்டியவர்களும் தம் பங்குக்கு அள்ளிச் சென்றனர். அதனால்தான் கிர்சுவின் ஏடுகளைப் பார்க்க இன்று பாரிஸ், இஸ்தான்புல், லண்டன் என்று ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது. நல்லவேளையாக, அவற்றுள் பெரும்பகுதியின் படங்களும் எழுத்துப்பெயர்ப்புகளும் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன.

இவ்வேடுகளுள் இலக்கியம் தேடுவோர் ஏமாந்து போவார்கள். மிகப் பெரும்பான்மையானவை கணக்கு: எத்தனை ஆடு, எவ்வளவு கம்பளி, யாருக்கு எவ்வளவு வாற்கோதுமை. தஞ்சைப் பெரிய கோயிலின் சுற்றுமாளிகைக் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரையும் ஊரையும் வீட்டு வரிசையையும் பொறுமையாகப் படித்தவர்களுக்கு இதுவும் அலுக்காது என்று நம்புகிறேன். பட்டியல்களின் சுவையே தனிதான். அதை எழுதியவன் சொல்ல நினைக்காதவற்றையும் அது சொல்லிவிடும்.

காலத்தால் முந்திய தொகுப்பு கி.மு. 24-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. லகாஷ் அரசியர் பொறுப்பில் இயங்கிய 'பெண்ணின் இல்லம்' என்ற பெரும் பண்ணை நிறுவனத்தின் ஏடுகள் அவை. ஏறத்தாழ 1,800 கிடைத்துள்ளன. என்-என்டார்சியின் மனைவி டிம்டுர், லுகலண்டாவின் மனைவி பரநம்தரா, உருககினாவின் மனைவி ஷாஷா என மூன்று அரசியர் அடுத்தடுத்து அதை நடத்தியிருக்கின்றனர். உருககினாவின் காலத்தில் அந்நிறுவனம் 'பாவு தேவியின் இல்லம்' எனப் பெயர் மாறியது. (நம் நெசவாளர்கள் சொல்லும் பாவுக்கும் இத்தேவியின் பெயருக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆய்வுக்கட்டுரை எழுத யாரும் கிளம்பிவிட வேண்டாம்!) இந்நிறுவனம் மாதந்தோறும் எழுதிய பட்டியல் வகைகளுள் ஒன்றின் தலைப்பு, 'ஷே-ப கெமே டுமு.' ஷே என்றால் வாற்கோதுமை. ப என்றால் பங்கீடு. கெமே என்றால் வேலைக்காரப் பெண். டுமு என்றால் பிள்ளை. 'பணிப்பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான வாற்கோதுமைப் பங்கீடு' என்று தமிழில் சொல்லலாம். தாயும் பிள்ளையும் சேர்ந்தே ஒரு கணக்குத் தலைப்பாகிவிட்டனர்!

கெமே என்ற எழுத்தையும் சற்று உற்றுநோக்க வேண்டும். பெண்ணைக் குறிக்கும் குறியையும் மலையைக் குறிக்கும் குறியையும் சேர்த்து எழுதினால் கெமே. சமவெளியில் வாழ்ந்த சுமேரியருக்கு மலை என்பது கிழக்கிலிருந்த அயல்நாடு. மலையிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவள் என்ற பொருளில் அவ்வெழுத்து பிறந்தது என்பதே நெடுங்காலமாகக் கூறப்படும் விளக்கம்.

நெசவுக்கூடம்

அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் அரசுகள் மாறின. கி.மு. 2112 முதல் 2004 வரை, ஊர் நகரைத் தலைநகராகக் கொண்ட மூன்றாம் ஊர் மரபினர் ஆண்டனர். லகாஷ் அவர்களது பேரரசின் ஒரு மாகாணமாயிற்று. ஷுல்கி என்ற பேரரசன் 48 ஆண்டுகள் ஆண்டான். கணக்கெழுதுவதில் அவ்வரசுக்கு இருந்த ஆர்வத்தை என்னவென்பது! அந்த ஒரு நூற்றாண்டிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏடுகள் நமக்குத் தெரியவந்துள்ளன.

தென் மெசப்பொடேமியாவில் செம்பு கிடையாது, நல்ல மரமில்லை, கல்லும் அரிது. இருந்தவை மண்ணும் நீரும் ஆடுகளும்தான். ஆட்டின் கம்பளியைத் துணியாக்கிக் கடல்வழியே அனுப்பி, மகன் என்று அவர்கள் அழைத்த ஓமான் பகுதியிலிருந்து செம்பு பெற்றார்கள். ஆக, அப்பேரரசின் செம்புக் கருவிகளுக்குப் பின்னால் நெசவுக்கூடங்கள் இருந்தன. நெசவுக்கூடங்களில் இருந்தவர்கள் பெண்கள்.

கம்பளியைத் தரம் பிரித்தல், சீவுதல், நூற்றல், நெய்தல் ஆகியவை பெண்களின் வேலை. நெய்த துணியை மிதித்து வெளுப்பது ஆண்களின் வேலை. தரையில் முளைகள் அடித்து, பாவைக் கிடையாக நீட்டிய தரைத்தறிகளில் இருவர் மூவராக அமர்ந்து நெய்தார்கள். அரசருக்குரிய முதல் தரம் தொடங்கிப் பொதுத்தரம் வரை துணியில் ஐந்து தரங்கள். எந்தத் தரத்துக்கு எத்தனை பெண்-நாள் உழைப்பு என்பதையும் எழுத்தர் கணக்கிட்டனர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு. அவர் பெரும்பாலும் ஆண்.

இத்தொழிலைப் பற்றி 1972-இல் விரிவான நூல் எழுதிய ஜெர்மானிய அறிஞர் ஹார்ட்முட் வெட்சோல்ட் காட்டும் எண்கள் மலைக்க வைப்பவை. லகாஷ் மாகாணத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட நெசவுப் பெண்கள் இருந்திருக்கின்றனர். அவர்களுள் 4,000-க்கும் மேற்பட்டோர் கடற்கரை ஊரான குவப்பாவில் இருந்தனர். அவர்களோடு கணக்கில் வரும் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800. இதே குவப்பாவையொட்டித்தான் 'மெலுஹா சிற்றூர்' என்று ஏடுகள் குறிப்பிடும் குடியிருப்பும் இருந்தது. மெலுஹா என்பது சிந்துவெளிப் பகுதி என்பது அறிஞர் பெரும்பாலோரின் முடிபு. நம் பக்கத்துக் கப்பல்கள் அறிந்திருந்த கரை அது.

ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகள்! அந்தக் கூடங்களின் இரைச்சலை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

அளந்து கொடுத்த தானியம்

பங்கீட்டு முறையை 1965-இல் விளக்கியவர் ஐ. ஜே. கெல்ப். மூன்றாம் ஊர் மரபுக் காலத்தில் ஓர் ஆண் தொழிலாளிக்கு மாதத்துக்குப் பொதுவாக 60 சிலா வாற்கோதுமை, பெண்ணுக்கு 30. சிலா என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். பிள்ளைகளுக்கு வளர்ச்சிக்கேற்ப 10, 15, 20 எனப் படிப்படியாக ஏறும். ஆண்டுக்கொருமுறை கம்பளியோ துணியோ உண்டு, எண்ணெயும் உண்டு. பால்குடி மறவாத குழந்தைக்கு 'டுமு-கப' என்று தனிச்சொல்லே இருந்தது. கப என்றால் மார்பு. மார்போடு ஒட்டிய பிள்ளை.

ஒரு சிறு கணக்குப் போடலாம். நெசவுக்காரி ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கு 15 சிலா, மற்றொன்றுக்கு 10 சிலா. தாயின் 30-ஐயும் சேர்த்தால் 55 சிலா. அதாவது, மூன்று வயிறுகளுக்குக் கிடைத்தது தனியாளான ஓர் ஆணுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. பத்துச் சிலா பெறும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு லிட்டரில் மூன்றிலொரு பங்கு தானியம். எடையில் ஏறத்தாழ 200 கிராம். பட்டினியில்லை. நிறைவு என்றும் சொல்ல இயலாது.

ஏடுகளில் இவர்கள் வரிசையாக வருகின்றனர். முதலில் தாயின் பெயர். 'பாவு தேவியின் பணிப்பெண்' எனப் பொருள்படும் கெமே-பாவு போன்ற பெயர்கள் மீண்டும் மீண்டும் வரும். அடுத்த வரியில் சிறிய எண்ணும், அவள் பிள்ளையின் பெயரும், 'அவள் பிள்ளை' என்ற குறிப்பும். ஆண்பாலருக்குத் தந்தை பெயரைச் சொல்லி அடையாளம் காட்டும் வழக்கமுடைய எழுத்தர்கள், இப்பட்டியல்களில் தந்தையைக் குறிப்பதேயில்லை. பெயருக்கருகில் சிலவேளை வேறு குறிப்புகளும் உண்டு: 'நோயுற்றாள்', 'முதியவள்', 'ஓடிப்போனாள்', 'இறந்தாள்'. ஒற்றைச் சொல்லில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடுகிறது. ஓடிப்போனவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டா ஓடினாள் என்று நெஞ்சு கேட்கிறது. எழுத்தருக்கோ மிச்சமான தானியம்தான் கணக்கு.

யார் இப்பெண்கள்? கைம்பெண்கள், வறியவர்கள், கோயிலுக்கு நேர்ந்தளிக்கப்பட்டவர்கள், போரில் பிடிபட்டவர்கள். 'அருவா' என்ற பெயரில் மனிதரைக் கோயிலுக்குக் கொடையளிக்கும் வழக்கம் இருந்ததைக் கெல்ப் எடுத்துக்காட்டியுள்ளார். அவ்வாறு அளிக்கப்பட்டவர்களில் பிள்ளைகளோடு வந்த பெண்கள் பலர். அண்டை மாகாணமான உம்மாவில், அமர்-சுவென் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்ட போர்க்கைதிகளின் ஏடுகள் உள்ளன. அவர்கள் பெண்களும் பிள்ளைகளும். உயிரோடிருப்போர் தனியாகவும் இறந்தோர் தனியாகவும் அங்கே எழுதப்பட்டிருக்கின்றனர். அவர்தம் ஆண்கள் என்னவானார்கள் என்பதை ஊகிக்க அதிக நேரம் ஆகாது.

பரிவா, கணக்கா?

பட்டறையில் பொட்டலம் போதாமற்போன அந்நாளில், இந்த ஏடுகளை நினைத்து முதலில் வெட்கமே தோன்றியது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய எழுத்தர் மறவாததை நான் மறந்துவிட்டேனே என்று. உம்மாவின் கணக்கு ஏடுகள் சிலவற்றில், பெண் தொழிலாளரின் வேலைநாள்களிலிருந்து ஆறில் ஒரு பங்கை ஓய்வாகக் கழித்திருக்கிறார்கள்; ஆண்களுக்குப் பத்தில் ஒன்றுதான். மாதத்தில் பெண்ணுக்கு ஐந்து நாள், ஆணுக்கு மூன்று நாள். இதையும் படித்தபோது, பண்டைய அரசொன்றின் தாயுள்ளம் பற்றி நெகிழ்ச்சியாக ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்றே தோன்றியது.

அந்த நெகிழ்ச்சியைக் கெடுத்தவர் ஜப்பானிய அறிஞர் கசுயா மயேகவா. லகாஷின் நெசவுப் பெண்களையும் அவர்தம் பிள்ளைகளையும் பற்றி அவர் 1980-இல் எழுதினார். அவர் கேட்டது எளிய கேள்வி: இப்பிள்ளைகள் வளர்ந்த பின் எங்கே போனார்கள்? ஏடுகளை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால், பெண்பிள்ளைகள் தாயின் குழுவிலேயே நெசவுக்காரிகளாகின்றனர். ஆண்பிள்ளைகளோ குறிப்பிட்ட வயதுக்குப் பின் தாயின் வரியிலிருந்து மறைந்து, கால்வாய்களில் படகிழுக்கும் கூட்டம் போன்ற வேறு பணிக்குழுக்களில் தோன்றுகின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினரைக் குறிக்க 'அமர்-குட்' என்ற சொல் ஆளப்படுகிறது. அச்சொல் கால்நடைக் கணக்குகளிலும் வரும். அங்கே அதற்குப் பொருள் காயடிக்கப்பட்ட கன்று. நெசவுப் பெண்களின் புதல்வர்களுக்கும் அதுவே நேர்ந்தது என்பது மயேகவாவின் முடிபு.

இதைப் படித்தபின், 'அவள் பிள்ளை' என்ற குறிப்பை முன்போல் வாசிக்க முடியவில்லை. அந்தக் கூடத்தில் பிள்ளை தாயோடிருந்ததற்கு இரண்டு காரணங்கள். பாலுண்ணும் பிள்ளையை விட்டுவிட்டு அவள் வேலைக்கு வர இயலாது. அவளுக்கு வீடென்று ஒன்றும், அதில் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. இது தாயின் காரணம். நிறுவனத்தின் காரணம் வேறு. நாளைய நெசவுக்காரியையும் நாளைய படகிழுப்பவனையும் அது பத்துச் சிலாவில் வளர்த்துக்கொண்டிருந்தது. எனவேதான் ஒரு தலையைக்கூட அது எண்ணாமல் விடவில்லை. ஆட்டுக்குட்டிகளையும் அப்படித்தான் எண்ணினார்கள்.

அதே காலத்தில், ஷுல்கியின் மகனுக்கென்று இயற்றப்பட்ட ஒரு தாலாட்டும் சுமேரிய மொழியில் நமக்குக் கிடைத்திருக்கிறது. உலகின் பழைய தாலாட்டுகளுள் அது ஒன்று. அரசகுமாரனுக்குப் பாட்டு கிடைத்தது. தறியோரம் உறங்கிய பிள்ளைக்குக் கிடைத்தது ஓர் எண். ஆயினும் அந்த எண்ணால்தான் அவன் பெயரை நாம் இன்று அறிகிறோம். அவன் தாய் அவனைத் தூங்கவைக்கப் பாடியிருப்பாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைக் குறித்துக்கொள்ள அங்கே எந்த எழுத்தனுக்கும் வேலையிருக்கவில்லை. ஷுல்கியின் மரபும் நெடுநாள் நிலைக்கவில்லை. கடைசி மன்னன் இப்பி-சின் காலத்தில் மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவ, தானிய விலை ஏற, ஏடுகளும் நின்றுபோயின.

மீண்டும் என் பட்டியல்

எண்ணப்படுவதாலேயே ஒருவர் மதிக்கப்பட்டவராகிவிட மாட்டார் என்று கிர்சு எனக்குக் கற்பித்தது. அதற்காக, எண்ணாமல் விட்ட என் தவறு சிறிதாகிவிடுமா? ஆகாது. எண்ணப்படாத பிள்ளையின் பசியைத் தாய் தன் பங்கிலிருந்து ஈடுகட்டுகிறாள். கணக்கு மட்டும் நேராக முடிந்துவிடுகிறது. 30 பொட்டலம், 30 பேர் என்று நான் வரவு செலவை முடித்ததைப் போல.

நம் நாட்டுச் சட்டமும் இந்த எண்ணிக்கையோடு போராடியிருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்றது. 1976-இல் அந்த வரம்பு 30-ஆகக் குறைக்கப்பட்டது. அப்போதும், முப்பது பேர் சேராத சிறு பட்டறைகளில் பிள்ளைகள் தாயின் முந்தானைக்கடியில்தான் உறங்கினார்கள். எங்கள் 24 பெண்கள் அந்த வரம்புக்குள்ளும் வரமாட்டார்கள்.

பட்டறையின் இரண்டாம் நாள் காலையில் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்தேன். ஒவ்வொரு பெண்ணிடமும் சென்று பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். "அதுக்கு எதுக்குண்ணே பேரு? அது என்ன முடையவா போகுது?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலைச் சற்று நிமிர்த்திச் சொன்னார்கள். அன்று நண்பகலில் 41 பொட்டலங்கள் வந்தன. ஒன்றும் மிஞ்சவில்லை.

மூதாட்டியருள் ஒருவர் அன்று மாலை, ஓலைத்துணுக்குகளால் ஒரு கிலுகிலுப்பை செய்து, பட்டியலின் கடைசிப் பெயருக்குரிய கைக்குழந்தையிடம் கொடுத்தார். அவனுக்கு வயது எட்டு மாதம். கிர்சுவின் எழுத்தர் அவனை 'டுமு-கப' என்று எழுதியிருப்பார்.